சார்ட்டர், டேபுலேட்டர்: தமிழில் எப்படிச் சொல்வது?

தகவலை அட்டையில் துளைகளாகப் பதிந்த துளையட்டைக் காலத்து அலுவலக எந்திரங்களைப் பற்றி எழுதும்போது ‘சார்ட்டர்’ என்பதைப் பலரும் ‘வரிசையாக்கி’ என்று போட்டுவிடுகிறார்கள். கணினிப் பாடத்தில் ‘சார்ட்டிங்’ வரிசையாக்கம்தானே, அந்தப் பழக்கம். ஆனால் அந்த எந்திரம் எதையும் வரிசையாக்கவில்லை. பிரித்துத்தான் போட்டது.

ஐபிஎம் நிறுவனத்தின் அட்டையில் 80 நெடுவரிசைகள், ஒவ்வொன்றிலும் துளையிட 12 இடங்கள். ஐபிஎம் 082 சார்ட்டரில் அட்டைக் கட்டு ஒன்றை வைத்து, எந்த நெடுவரிசையைப் பார்க்க வேண்டுமோ அங்கே ஒரு சின்ன உலோகத் தூரிகையை நகர்த்தி நிறுத்துவார்கள். உலோக உருளைக்கும் தூரிகைக்கும் நடுவே அட்டை ஓடும். துளை வந்த கணத்தில் தூரிகை உருளையைத் தொடும், மின்சாரம் பாயும். அது எந்தக் கணம் என்பதை வைத்து அட்டை தன் அறைக்குப் போய் விழும். மொத்தம் 13 அறைகள்: 12 துளையிடங்களுக்கு ஒவ்வொன்று, துளையே இல்லாத அட்டைக்கு ஒன்று. நிமிடத்துக்கு 650 அட்டைகள்.

ஒரு ஓட்டத்தில் ஒரு நெடுவரிசை, அவ்வளவுதான். ஒரு இலக்கத்துக்கு ஒரு நெடுவரிசையாக 42, 17, 41, 12 என்று துளையிட்ட நான்கு அட்டைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஒன்றின் இடத்தை வைத்து ஓட்டினால் 41, 42, 12, 17 என்று வரும். அறைகளில் உள்ளதை முறை மாறாமல் சேர்த்து அடுக்கி, பத்தின் இடத்தை வைத்து மறுபடி ஓட்டினால் 12, 17, 41, 42. பத்தின் இடத்தை முதலில் ஓட்டியிருந்தால் எல்லாம் கலைந்துபோயிருக்கும். ஆக, எந்திரம் செய்தது பிரிப்பு. வரிசை வந்தது ஆளின் கையால். சரியாகப் பிரிந்ததா என்று பார்க்க, கட்டைத் தட்டிச் சீராக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பார்கள். துளை மறுபக்கம் வரை தெரிந்தால் சரி. தெரியாவிட்டால் நடுவில் எங்கோ தப்பு அட்டை இருக்கிறது.

சொல்லின் வேரும் இதையேதான் சொல்கிறது. லத்தீனில் ‘சோர்ஸ்’ என்றால் திருவுளச்சீட்டு. சீட்டில் விழுந்த பங்கு, பிறகு வகை, அப்புறம் வகை வகையாகப் பிரிப்பது என்று பொருள் நகர்ந்திருக்கிறது. அதனால் இந்த எந்திரத்துக்கு ‘வகைபிரிப்பி’ என்பதே பொருத்தம். கணினிக்கு ‘வரிசையாக்கம்’ அப்படியே இருக்கட்டும்.

‘டேபுலேட்டர்’ வேறு வேலை செய்வது. ஹெர்மன் ஹாலரித் 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குக் கொடுத்த எந்திரத்தில், அட்டையின் துளை வழியே ஊசி இறங்கிப் பாதரசத்தைத் தொட்டால், கடிகாரம் போன்ற எண்வட்டு ஒன்று ஒரு படி நகரும். எண்ணுவது மட்டுமே அதன் வேலை. வட்டுகளைப் பார்த்து ஆள்தான் எழுதிக்கொள்ள வேண்டும். 1949-இல் வந்த ஐபிஎம் 407 கூட்டியது, கழித்தது, நிமிடத்துக்கு 150 வரிகள் அச்சிட்டது. வகைபிரிப்பியிலிருந்து வந்த அட்டைக் கட்டில் வாடிக்கையாளர் எண் மாறியதும், அதுவரைக்குமான கூட்டுத்தொகையைத் தானே அச்சிட்டுவிட்டு அடுத்தவருக்குப் போகும்.

இதன் வேர் ‘தாபுலா’, லத்தீனில் பலகை. பலகையில் கட்டம் போட்டு எழுதியது ‘டேபிள்’ ஆயிற்று. ‘கணக்கிடு பொறி’ என்றால் சாதாரண கால்குலேட்டரோடு குழம்பும். ‘அட்டவணையாக்கி’ தவறில்லை, ஆனால் அட்டவணை என்றதும் கட்டம் போட்ட தாள்தான் கண்ணில் நிற்கிறது. 407-இலிருந்து வந்ததோ வரிவரியாக நீளும் பட்டியலும் கூட்டுத்தொகையும். அதனால் ‘பட்டியலிடு பொறி’ என்பதே என் தேர்வு.

விசைப்பலகையில் ‘டேப்’ என்று ஒரு விசை இருக்கிறதே, அதுவும் இந்தச் சொல்லின் சுருக்கம்தான். தட்டச்சுப் பொறியில் எண்களைப் பத்தி பத்தியாக நிறுத்த வைத்தது. தமிழில் அதற்குத் ‘தத்தல்’ என்று பெயர் வைத்தவர்கள் வேரை விட்டுவிட்டு, அந்த விசை தாவித் தாவிப் போவதைப் பார்த்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஆக்கம் அது.