சோர்போன் என்று பெயர் இருந்தால் போதுமா? பிரான்சில் சட்டம் படிக்கப் போகிறவர்களுக்கு

பாரிஸ் பகுதியில் வழக்கறிஞராக இருக்கிறேன். சட்டம் படிக்க ஆசைப்படும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெற்றோர் ஆலோசனைக்கு வருவதுண்டு. பெரும்பாலும் கல்லூரியின் பெயரைத்தான் கேட்கிறார்கள். அந்தப் பெயர்களின் பின்னணி தெரியாமல் பணம் கட்டிவிட்டு, படிப்பு முடிந்தபின் வந்து நிற்பவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

முதலில் சோர்போன். 1257 வாக்கில் ரொபேர் தெ சோர்போன் என்ற குருவானவர் இறையியல் மாணவர்களுக்காகத் தொடங்கிய கல்லூரி அது. சட்டம் அங்கே கற்பிக்கப்படவில்லை. பாரிஸ் பல்கலைக்கழகத்தின் சட்டப் பிரிவு தனியாக இயங்கியது, அதிலும் திருச்சபைச் சட்டம் மட்டும்தான். ரோமானியச் சட்டத்தைப் பாரிஸில் கற்பிக்கக் கூடாது என்று 1219-ல் திருத்தந்தை மூன்றாம் ஹொனோரியுஸ் தடை விதித்தார். அதைப் படிக்க வேண்டியவர்கள் ஒர்லெயானுக்குப் போனார்கள். பிற்காலத்தில் சமயச் சீர்திருத்தவாதி கால்வினும் அங்கேதான் சட்டம் படித்தார். தடை நீங்கியது 1679-ல், பதினான்காம் லூயியின் ஆணையால்.

1793-ல் புரட்சி அரசு பல்கலைக்கழகங்களையே கலைத்துவிட்டது. 1804-ல் குடிமைச் சட்டத் தொகுப்பு வந்த அதே மார்ச் மாதம், அதைக் கற்பிக்க ஆள் வேண்டும் என்று நெப்போலியன் அரசு சட்டப் பள்ளிகளுக்கு வழி செய்தது. பாரிஸ், துலூஸ், எக்ஸ், கிரெனோபிள், ரென் என்று மொத்தம் 12 ஊர்கள். 1808-ல் அவை ஃபாக்குல்தே, அதாவது பல்கலைக்கழகத் துறைப்பிரிவுகள், ஆயின. பேச்சுவழக்கில் எல்லாரும் இன்றும் 'ஃபாக்' என்று சொல்வது அந்தக் காலத்துப் பெயரைத்தான்.

இன்றைய குழப்பத்துக்குக் காரணம் 1968. மாணவர் எழுச்சிக்குப் பிறகு கல்வி அமைச்சர் எட்கார் ஃபோர் கொண்டுவந்த சட்டம் பழைய ஃபாக்குல்தேக்களைக் கலைத்தது. பாரிஸ் பல்கலைக்கழகம் பாரிஸ் 1, பாரிஸ் 2 என்று எண்ணிட்ட 13 பல்கலைக்கழகங்களாகப் பிரிந்தது. சட்டப் பேராசிரியர்களும் பிரிந்தார்கள். பெரும்பாலானோர் பாரிஸ் 2-க்குப் போனார்கள், அதுதான் இன்றைய பாந்தெயோன்-அஸ்ஸாஸ். மற்ற துறைகளோடு சேர்ந்திருக்க விரும்பிய சிலர் பாரிஸ் 1-ஐத் தேர்ந்தெடுத்தார்கள், அது பாந்தெயோன்-சோர்போன். இரண்டிலுமே 'பாந்தெயோன்' இருப்பது ஏன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பாந்தெயோன் சதுக்கத்தில் 18-ஆம் நூற்றாண்டில் சுஃப்லோ வடிவமைத்த கட்டடம்தான் பழைய சட்ட ஃபாக்குல்தேயின் வீடு. அந்தக் கட்டடத்தை இரண்டு பல்கலைக்கழகங்களும் இன்றும் பங்கிட்டுக்கொள்கின்றன. உண்மையான வாரிசு யார் என்று பழைய மாணவர்கள் வாதாடுவார்கள். என்னைக் கேட்டால் இரண்டுமே வாரிசுதான், இரண்டிலுமே தாராளமாகப் படிக்கலாம்.

ஆனால் சோர்போன் என்ற பெயர் இருக்கும் எல்லா இடத்திலும் சட்டம் இல்லை. 2018-ல் உருவான 'சோர்போன் யுனிவெர்சித்தே'யில் இலக்கியம், அறிவியல், மருத்துவம் மூன்றுக்கும் ஃபாக்குல்தே உண்டு, சட்டத்துக்கு இல்லை. வில்தனூஸில் இருக்கும் சோர்போன் பாரி நோர்-ல் சட்டம் உண்டு, அது முன்னாள் பாரிஸ் 13.

சான்றிதழ் சரிபார்ப்பில் இன்னொரு சிக்கல் வரும். 1970-க்கு முந்திய பட்டத்தில் 'யுனிவெர்சித்தே தெ பாரி' என்று இருக்கும். பாரிஸ் 5-உம் 7-உம் 2019-ல் இணைந்தபோது அதே பெயரைச் சூட்டிக்கொண்டன. அஸ்ஸாஸ் வழக்குப் போட்டது, 2021 டிசம்பரில் உச்ச நிர்வாக நீதிமன்றம் அந்தப் பெயரை ரத்து செய்தது. இப்போது அது யுனிவெர்சித்தே பாரி சித்தே. ஆகவே பெயரோடு ஆண்டையும் பாருங்கள். பழைய பெயரை நீங்களாகப் புதிய பெயராக மாற்றி எழுதவும் வேண்டாம். சான்றிதழில் இருப்பது அப்படியே இருக்கட்டும், பெயர் மாற்ற ஆணையின் நகலை மட்டும் இணைத்துவிடுங்கள்.

சரி, என்னை அதிகம் கவலைப்பட வைப்பது தனியார் பள்ளிகள். ஒரு தந்தை பளபளப்பான கையேட்டை மேசையில் வைத்துக் கேட்டார்: "தம்பி, சோர்போனுக்குப் பக்கத்தில எண்டு போட்டிருக்கிறாங்கள், அப்ப நல்ல இடம்தானே?" பள்ளி அந்தத் தெருவில் இருந்தது உண்மைதான். ஆனால் முடிவில் கிடைப்பது 'பேச்சலர்', அதற்கு மேல் 'மஸ்தேர்'. அரசின் இளநிலைப் பட்டமான லிசான்ஸ், முதுநிலைப் பட்டமான மாஸ்டர் என்ற சொற்கள் கையேட்டில் எங்குமே இல்லை. தனியார் நிறுவனம் தன்னைப் பல்கலைக்கழகம் என்று அழைத்துக்கொள்ள 1880-ஆம் ஆண்டுச் சட்டமே தடை விதித்தது. தன் சான்றிதழுக்குத் தானாக லிசான்ஸ், மாஸ்டர் என்று பெயர் வைப்பதற்கும் தடை உண்டு, மீறினால் 30,000 யூரோ அபராதம். அதனால்தான் காதைக் குழப்பும் வேறு பெயர்கள். கத்தோலிக்கக் கல்வி நிலையங்கள் 'இன்ஸ்தித்யூ' என்று பெயர் வைத்திருப்பதும் இந்தத் தடையால்தான். அவற்றில் பல அரசுப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் செய்து தேசியப் பட்டம் வாங்கித் தருகின்றன, அது முறையான வழி.

வழக்கறிஞர் பயிற்சிப் பள்ளிக்கான நுழைவுத் தேர்வு எழுத, 2025 முதல் சட்டத்தில் முழு மாஸ்டர் பட்டமோ அதற்கு நிகராக அரசு ஏற்ற பட்டமோ வேண்டும். 'மஸ்தேர்' மட்டும் கையில் இருந்தால் கதவு திறக்காது. அதுவரை கட்டிய ஆயிரக்கணக்கான யூரோ திரும்பவும் வராது. இங்கேயே வளர்ந்த பிள்ளைக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் லிசான்ஸ் பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 200 யூரோவைக்கூடத் தொடுவதில்லை, மாணவர் வாழ்வுக் கட்டணம் மட்டும் தனி.

முன்பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் பட்டத்தை வழங்கும் அரசுப் பல்கலைக்கழகம் எது? பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் கையெழுத்துப் போடாமல் வந்துவிடுங்கள். பார்க்கூர்சுப் என்ற அரசின் இணைய விண்ணப்பத் தளத்தில் விருப்பங்களைப் பதிய வழக்கமாக மார்ச் வரை நேரம் இருக்கும். அரசு ஃபாக்குல்தேக்களையும் அதில் சேர்த்துவிட்டு, அப்புறம் தனியாரைப் பற்றி யோசிக்கலாம்.