ஐசியூவில் எந்த டிரிப்ஸ், எவ்வளவு?

ஐசியூவில் சேர்த்த கொஞ்ச நேரத்திலேயே டிரிப்ஸ் ஏற ஆரம்பித்துவிடும். ஆன்டிபயாட்டிக் என்றால் எது, எத்தனை நாள் என்று கேட்கும் உறவினர்கள், சலைன் பாட்டிலைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. அதுவும் மருந்துதான். ஆளையும் நோயையும் பார்த்துத்தான் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒரு லிட்டர் நார்மல் சலைனில் 9 கிராம் உப்பு இருக்கிறது. அந்த உப்பின் ஒரு பாகமான குளோரைடு 154 மில்லிமோல்; நம் ரத்தத்திலோ ஏறக்குறைய 100தான். ஓரிரு பாட்டிலை உடல் சமாளித்துக்கொள்ளும். செப்சிஸ் (கிருமித் தொற்றால் உறுப்புகளே பாதிக்கப்படும் நிலை) வந்தவருக்கு லிட்டர் லிட்டராக ஏற்றும்போது ரத்தத்தில் அமிலத்தன்மை கூடும், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டமும் குறையக்கூடும். ரிங்கர் லாக்டேட் என்ற இன்னொரு டிரிப்ஸ் திரவத்தில் குளோரைடு 110க்குப் பக்கம்தான். 2018இல் வந்த ஸ்மார்ட் ஆய்வு 15,000க்கும் மேற்பட்ட ஐசியூ நோயாளிகளைப் பார்த்தது. மரணம், டயாலிசிஸ், நீடித்த சிறுநீரகப் பாதிப்பு மூன்றையும் சேர்த்தால் சலைன் பெற்றவர்களில் 15.4 சதவீதம், ரிங்கர் வகை பெற்றவர்களில் 14.3. பிறகு வந்த பேசிக்ஸ், ப்ளஸ் ஆய்வுகளில் உயிரிழப்பில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே சலைன் ஏறுகிறதே என்று பதற வேண்டாம். ஆனாலும் செப்சிஸ் என்றால் என் கை முதலில் போவது ரிங்கருக்குத்தான்.

"ரிங்கரில் பொட்டாசியம் இருக்கே, கிட்னி கெட்டவருக்குக் கொடுக்கலாமா சார்?" என்று இளம் டாக்டர்கள் தயங்குகிறார்கள். அதில் இருப்பது லிட்டருக்கு 4 மில்லிமோல் அளவுதான், ரத்தத்தில் இருக்கும் அதே அளவு. சலைனால் அமிலம் கூடினால் செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியம்தான் வெளியே வரும்.

தலையில் அடிபட்டவருக்குக் கணக்கு வேறு. ரிங்கரில் சோடியம் 130தான், மூளை வீக்கம் கூடலாம். அங்கே சலைன்தான். வாந்தியெடுத்தே குளோரைடை இழந்தவருக்கும் அப்படியே. குளுக்கோஸ் பாட்டில் பிபியை ஏற்றாது. சர்க்கரை செலவானதும் மிஞ்சும் தண்ணீர் ரத்தக் குழாயில் தங்குவதில்லை. ஸ்டார்ச் கலந்த திரவத்தை செப்சிஸில் தொடவே கூடாது. 2012இல் 6எஸ் ஆய்வில் அதைப் பெற்றவர்களில் 51 சதவீதம் பேர் 90 நாளுக்குள் இறந்தார்கள், ரிங்கர் அசிடேட் பெற்றவர்களில் 43.

அடுத்தது அளவு. செப்சிஸால் பிபி இறங்கியவருக்கு முதல் 3 மணி நேரத்தில் கிலோவுக்கு 30 மில்லி என்பது பொதுவான பரிந்துரை. அதற்குமேல் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றக் கூடாது. இன்னும் ஏற்றினால் பலன் உண்டா என்று முதலில் சோதிப்போம். அரைவாசி நிமிர்ந்து படுத்திருப்பவரின் கட்டிலைச் சாய்த்து, தலையைத் தாழ்த்தி, காலை 45 டிகிரி உயர்த்துவோம். காலில் இருக்கும் சுமார் 300 மில்லி ரத்தம் இதயத்துக்குத் திரும்பும். ஒரு நிமிடத்துக்குள் இதயம் வெளித்தள்ளும் அளவு எக்கோவில் கூடினால் டிரிப்ஸ் பலன் தரும். கூடவில்லையா, ஏற்றுவது நுரையீரலில்தான் போய்த் தேங்கும். அப்போது ரத்தக் குழாயைச் சுருக்கி பிபியை ஏற்றும் நார்அட்ரீனலின் மருந்துதான் வழி.

ஆகவே பிபி குறைவாக இருக்கும்போதே டாக்டர் டிரிப்ஸை நிறுத்தினால், கைவிட்டுவிட்டார்களோ என்று கலங்காதீர்கள். நேற்றிலிருந்து உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று கேளுங்கள். நர்ஸின் சார்ட்டில் மணிக்கு மணி எழுதியிருக்கும்.