‘மா’ என்றால் என்ன?

தஞ்சாவூர்ப் பக்கம் வயல்வரப்பில் நின்று கேட்டால், “மூணு மா நட்டாச்சு, ரெண்டு மா பாக்கி” என்பார்கள். யாழ்ப்பாணத்தில் கடைக்குப் போகிறவர் “ஒரு கிலோ கோதுமை மா” கேட்பார். காஞ்சிபுரத்தில் ஏகாம்பரநாதர் ஒரு மாவின் அடியில் இருக்கிறார். நிலம், உணவு, மரம் மூன்றுக்கும் ஒரே எழுத்து.

தமிழில் ஓரெழுத்தே சொல்லாக நிற்பவை 42 என்கிறது நன்னூல். மகர வரிசையில் மட்டும் ஆறு: மா, மீ, மூ, மே, மை, மோ. இந்த ஆறில் அதிகச் சுமை தூக்குவது மா தான்.

முதலில் நிலத்து மா. அது உண்மையில் ஒரு பின்னம். பழைய கீழ்வாய் இலக்கத்தில் மா என்றால் 1/20. டெல்டாவில் ஒரு வேலி நிலத்துக்கு இருபது மா. அதாவது வேலியில் இருபதில் ஒரு பங்கு என்பதாலேயே அது மா. இன்றைய கணக்கில் ஒரு மா ஏறக்குறைய 33 சென்ட். காணி என்பது 1/80. மாவையும் காணியையும் கூட்டினால் 5/80, அதாவது 1/16. அதற்குப் பெயர் மாகாணி. பின்னத்தின் பெயரிலேயே கூட்டல் கணக்கு இருக்கிறது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லிப் படித்த கணக்கு இது. பள்ளிக்கூடத்திலிருந்து போய்விட்டாலும் வயலில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

மரத்து மாவையும் பின்னத்து மாவையும் ஒரே வெண்பாவில் பிடித்தவர் காளமேகம். முக்கால், அரை, கால், அரைக்கால் என்று இறங்கி வருகிறது பாட்டு. “விக்கி இருமாமுன் மாகாணிக்கு ஏகாமுன் கச்சி ஒருமாவின் கீழரை இன்றோது” என்று முடிகிறது. இருமல் வருமுன், சுடுகாட்டுக்குப் போகுமுன், காஞ்சியில் ஒற்றை மாமரத்தின் கீழ் இருப்பவரை இன்றே பாடு என்பது பொருள். இருமா, மாகாணி, ஒருமா எல்லாம் பின்னங்களும்தான். எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது.

மாமரத்தின் காய் மாங்காய். மலையாளத்தில் மாங்ங. மேற்குக் கரைக்கு வந்த போர்ச்சுகீசியர் அதை ‘மங்கா’ என்று எடுத்துப் போனார்கள். ஆங்கிலத்தின் மேங்கோ அந்த வழியில் வந்ததுதான். எனவே ‘மேங்கோ ஜூஸ்’ என்று கேட்பவர், தெற்கிலிருந்து கப்பலேறிப் போன சொல்லைத் திரும்ப வாங்கிக் குடிக்கிறார். மாம்பழச் சாறு என்றால் போதும்.

அரைத்த பொருளைக் குறிக்கும் மா, தமிழ்நாட்டில் ‘வு’ சேர்ந்து மாவு ஆகிவிட்டது. இட்லிக்குக் கரைத்ததும் மாவுதான், டப்பாவில் இருக்கும் உலர்ந்த பொடியும் மாவுதான். இலங்கைத் தமிழர் அரிசி மா, குரக்கன் (கேழ்வரகு) மா என்று பழைய வடிவத்தையே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். இங்கேயும் அது முழுக்கப் போய்விடவில்லை. வாசலில் அரிசி மாவைக் கரைத்துப் போடுவது மாக்கோலம்தானே.

சரி, இத்தனை மாவையும் காது எப்படிப் பிரித்தறிகிறது? அடுத்து வரும் எழுத்தைக் கவனியுங்கள். மரம் என்றால் மெல்லெழுத்து: மாங்காய், மாம்பழம், மாந்தோப்பு. அரைத்தது என்றால் வல்லெழுத்து: மாக்கோலம், மாப்பொருள். பெரியது என்றால் பெரும்பாலும் எதுவும் மிகாது: மாகவி, மாபெரும். மாக்கடல் போன்ற விலக்குகள் உண்டு. ஆனாலும் இலக்கணம் படிக்காத குழந்தைகூட மாங்காயை மாக்காய் என்று சொல்வதில்லை.

பெரிய என்ற பொருளில் வரும் மா, வடமொழி மஹாவின் சுருக்கமா, மாண், மாட்சி ஆகியவற்றின் உறவா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. நாம் அதை விடாமல் பயன்படுத்துகிறோம்: மாநாடு, மாநகராட்சி, வட்டத்தைவிடப் பெரிய மாவட்டம்.

அப்புறம் விலங்கு. “மாவும் மாக்களும் ஐயறி வினவே” என்கிறது தொல்காப்பியம். அரிமா சிங்கம், கைம்மா யானை. குதிரைக்கும் மா என்ற பெயர் உண்டு. இங்கேதான் ஒரு சறுக்கல் காத்திருக்கிறது. சீன மொழியிலும் குதிரை ‘மா’! உடனே, தமிழ்தான் சீனத்துக்குப் போனது என்று கிளம்பிவிடுகிறோம். கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நம் மா பொதுவாக விலங்கு. குதிரை அதில் ஒன்று. சீனத்து மா குதிரையை மட்டும் குறிப்பது. பழஞ்சீனத்தில் அந்தச் சொல்லின் நடுவே ஒரு ரகர ஒலி இருந்தது என்று மொழியியலாளர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள். இன்றைக்கு ஒலி ஒத்துப்போவது தற்செயல். தமிழின் பெருமைக்கு இப்படிப்பட்ட போலி உறவுகள் தேவையே இல்லை. மாகாணி ஒன்றே போதும்.

சீனத்தில் தொனிதான் எல்லாம். ஒரே மட்டமாக நீட்டினால் மா அம்மா, ஏற்றினால் சணல், தாழ்த்தி எழுப்பினால் குதிரை, வெட்டி இறக்கினால் திட்டுவது. அம்மாவுக்கான எழுத்தில் பெண் குறியோடு குதிரைக் குறியும் நிற்கும். குதிரை அங்கே ஒலியைக் காட்ட மட்டும் வந்தது. வியட்நாமிய மொழியில் தொனி மாற மாற மா பேய், அம்மா, ஆனால், கல்லறை, குதிரை, நெல் நாற்று என்று ஆகிறது. தொனி இல்லாத மொழிகளிலும் வேறுபாட்டுக்குக் குறைவில்லை. ஹங்கேரியில் மா என்றால் இன்று. இத்தாலியில் ஆனால். அரபியில் என்ன. வடமொழியில் வேண்டாம் என்று தடுக்கும் சொல்.

அப்படியானால் அம்மாவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு மொழிகளில் மகரம்? பால் குடிக்கும் குழந்தை வாய் மூடியபடி மூக்கால் முனகும் ஒலியே மகரம் என்று மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் விளக்கினார். ஒலி குழந்தையுடையது, பொருளைப் பெரியவர்கள் ஏற்றுகிறார்கள். அதனால்தான் ஜார்ஜியாவில் ‘மாமா’ என்றால் அப்பா. அம்மாவுக்கு அங்கே ‘தேதா’.

ஜப்பானியரின் ‘மா’ மொழிபெயர்ப்பாளரைத் திணறவைக்கும். இரண்டு ஒலிகளுக்கு நடுவே வரும் மௌனம், இரண்டு தூண்களுக்கு நடுவே உள்ள வெளி, பேச்சில் விடும் சரியான நிறுத்தம் எல்லாம் அது. வாசல் குறிக்குள் சூரியன் குறியை வைத்து எழுதுவார்கள். மா தவறியவன் என்றால் அங்கே மடையன். இதை ‘இடைவெளி’ என்று மொழிபெயர்க்கிறார்கள். எனக்கு அது பாதிதான். ‘இடை’ என்பதே பொருத்தம் என்பேன். இடைவெளியில் அது இடம், இடைவேளையில் காலம். ஜப்பானிய மாவும் இரண்டையும் சேர்த்தே சொல்கிறது.

கடைசியாக, நாம் தினமும் சொல்லும் ஒரு மா. பிரெஞ்சில் மா என்றால் ‘என்’. பெண்பால் பெயருக்கு முன் வரும். மா, தாம் இரண்டும் சேர்ந்து மதாம், ‘என் சீமாட்டி’. அது ஆங்கிலத்துக்கு வந்து மேடம் ஆகி, சுருங்கி மேம் ஆகி, இப்போது நம் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் காலை முதல் மாலை வரை ஒலிக்கிறது. எழுத்தில் ‘அம்மையீர்’ என்று எழுதலாம். பேச்சில் அது நாக்கில் ஒட்டாது. வங்கிக் கவுன்ட்டரில் இருக்கும் பெண்ணிடம் “அம்மா, இந்தச் செலானைப் பாருங்க” என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அவர் வயதில் பேத்தியாக இருப்பார்; அந்த அம்மாவில் மரியாதையும் இருக்கும், வாஞ்சையும் இருக்கும்.