பாலையில் நின்றுபோன வண்டி

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில், மரீ என்ற சிற்றூரிலிருந்து பேர்ட்ஸ்வில் வரை 500 கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளும் ஒரு மண் சாலை இருக்கிறது. டிசம்பர் அங்கே உச்சக் கோடை. 1963 டிசம்பரில் அந்தச் சாலையில் கிளம்பிய ஒரு குடும்பம் வழி தவறியது. பெட்ரோல் தீர்ந்தது. காரில் ஒரு சீட்டை எழுதி வைத்துவிட்டு நடக்கத் தொடங்கினார்கள். ஐந்து பேரும் இறந்துபோனார்கள்.

முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1998 டிசம்பரில், லேக் ஏர் என்ற உப்பு ஏரியின் கரையில் ஓர் ஆஸ்திரிய ஜோடியின் வண்டி மணலில் புதைந்தது. இருவரும் உதவி தேடி நடந்தார்கள். முடியாமல் பாதி வழியில் வண்டிக்குத் திரும்பியவர் பிழைத்தார். தொடர்ந்து நடந்த பெண் வழியிலேயே உயிரை விட்டார்.

அவுட்பேக் எனப்படும் ஆஸ்திரேலிய உள்நாட்டு வறண்ட பகுதியில் பயணம் போக என்னென்ன எடுத்துப்போக வேண்டும் என்ற பட்டியல்களுக்குக் குறைவே இல்லை. அவற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். அந்தப் பொருள்கள் எல்லாம் எதற்காக என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும்: வண்டி நின்றுவிட்டால், அதன் பக்கத்திலேயே நாள்கணக்கில் உட்கார்ந்திருப்பதற்காக.

நடந்தால் ஏன் சாகிறோம் என்பதற்கு விடை நம் தோலில் இருக்கிறது. தோலின் வெப்பம் ஏறத்தாழ 35 டிகிரி. காற்று 42 டிகிரியில் கொதிக்கும்போது உடலின் வெப்பம் தானாக வெளியேற வழியில்லை. வெளியிலிருந்துதான் உள்ளே வரும். மிச்சமிருக்கும் ஒரே வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுவதுமாக ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்கில்தான். ஆனால் பானையைப் போலவே நமக்கும் உள்ளே தண்ணீர் இருக்க வேண்டும். கொளுத்தும் வெயிலில் நடப்பவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்வையாகவே போய்விடும். பத்து லிட்டர் தண்ணீரைச் சுமந்துகொண்டு, அதாவது பத்துக் கிலோ பாரத்தோடு, மணலில் எவ்வளவு தூரம் போக முடியும்? அடுத்த ஊர் நூறு கிலோமீட்டருக்கு அப்பால்கூட இருக்கலாம். அதே மனிதர் நிழலில் அசையாமல் உட்கார்ந்தால் இழப்பு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். இரவில் இன்னும் குறையும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க உடலியல் அறிஞர் எட்வர்ட் அடால்ஃபும் அவருடைய குழுவினரும் கலிபோர்னியப் பாலைவனத்தில் படைவீரர்களை வைத்து இதை அளந்து பார்த்தார்கள். தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் குடித்து மிச்சம் பிடிப்பதால் பயனில்லை என்பது அவர்கள் கண்டது. குடித்தாலும் குடிக்காவிட்டாலும் வியர்வை அதே வேகத்தில்தான் போகும். தாகமும் நம்பத்தக்கதல்ல, உடல் இழந்ததை ஈடுகட்டும் அளவுக்கு அது நம்மைக் குடிக்க வைப்பதில்லை. ஆகவே சிக்கனம் காட்ட வேண்டியது வியர்வையில்தான். சட்டையைக் கழற்றக் கூடாது, வெயிலில் குழி தோண்டக் கூடாது. வண்டிக்கு வெளியே தார்ப்பாய் கட்டி அதன் நிழலில் இருக்க வேண்டும். மூடிய வண்டிக்குள் இருப்பது அடுப்புக்குள் இருப்பதற்குச் சமம். ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 5 லிட்டர், கோடையென்றால் 10 லிட்டர் என்று கணக்கிட்டு, அதற்கு மேல் சில நாள்களுக்கான இருப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே கேனில் ஊற்றாதீர்கள். அந்தச் சாலையின் குலுக்கலில் ஒரு கேன் விரிசல் விட்டால் அத்தனையும் மண்ணுக்குப் போய்விடும்.

அந்தக் குலுக்கலுக்கும் ஒரு காரணம் உண்டு. மண் சாலைகள் தகரக் கூரை போல நெளிநெளியாக மாறிவிடுகின்றன. டொராண்டோ பல்கலைக்கழக இயற்பியலாளர் ஸ்டீபன் மோரிஸும் சக ஆய்வாளர்களும் சுழலும் மணல் மேடை ஒன்றில் சிறு சக்கரத்தை உருட்டி இதை ஆராய்ந்தார்கள். குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே மணல் சமமாகவே கிடந்தது. அதைத் தாண்டியதும் சக்கரம் சிறு மேட்டில் துள்ளி, விழும் இடத்தில் பள்ளம் போட, அலைகள் தாமாகவே எழுந்தன. வண்டிக்கு ஸ்பிரிங் இல்லாவிட்டாலும் இது நடக்கும். மணிக்கணக்கில் இந்த அதிர்வை வாங்கும் வண்டியில் நட்டுகள் கழலும், பேட்டரி முனைகள் தளரும், ஷாக் அப்சார்பர் சூடேறிக் கசியும். தினமும் மாலையில் ஒரு ஸ்பானரோடு வண்டியைச் சுற்றி வருவது அவசியம். கூர்கற்கள் நிறைந்த பாதை என்பதால் ஸ்டெப்னி இரண்டாக இருப்பது நல்லது.

மணலில் புதைந்தால் முதல் மருந்து டயரில் காற்றைக் குறைப்பது. சாமான்களோடு 2,800 கிலோ எடையுள்ள வண்டி என்றால் ஒவ்வொரு டயரும் 700 கிலோவைத் தாங்குகிறது. 40 பி.எஸ்.ஐ. அழுத்தம் என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2.8 கிலோ. அப்படியானால் டயர் தரையைத் தொடும் பரப்பு 250 சதுர சென்டிமீட்டர். இரண்டு அஞ்சலட்டை அளவு. வால்வின் மூடியைத் திருகி எடுத்து நடுவிலிருக்கும் ஊசியை அழுத்துங்கள். சீற்றத்தோடு காற்று வெளியேற, டயரின் அடிப்பக்கம் மெல்லப் பிதுங்குவது தெரியும். 20 பி.எஸ்.ஐ. வந்ததும் நிறுத்தினால் பரப்பு நான்கு அஞ்சலட்டை ஆகியிருக்கும். மணலின் மேல் விழும் அழுத்தம் பாதி. தடம் பெரும்பாலும் நீளவாக்கில் வளர்வதால் சக்கரம் மணலைத் தோண்டாமல் அதன் மேல் ஏறிப் போகிறது. இந்த நிலையில் வேகமாக ஓட்டினால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறிக் கிழிந்துவிடும். கெட்டித் தரை வந்ததும் காற்றை மறுபடி நிரப்ப ஒரு சிறு கம்பிரசர் கட்டாயம் வேண்டும்.

தார்ச் சாலையில் வேறொரு ஆபத்து: பல டிரெயிலர்களை இழுத்துக்கொண்டு 53.5 மீட்டர் வரை நீளும் ரோடு டிரெயின் லாரிகள். 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் அதை நீங்கள் 110-இல் முந்த, முன்னும் பின்னும் இடைவெளி விட்டு, ஏறத்தாழ 21 நொடி ஆகும். எதிரே ஒரு வண்டி வரக்கூடும் என்றால் ஒன்றேகால் கிலோமீட்டருக்கு மேல் சாலை காலியாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பின்னாலேயே போங்கள்.

கைப்பேசிக்கு அங்கே சிக்னல் கிடையாது. உள்ளங்கையில் அடங்கும் அவசரக் கருவி ஒன்றை எல்லோரும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பேன். பொத்தானை அழுத்தினால் அது 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோள்களை அழைக்கும். கடந்து போகும் ரயிலின் விசில் சுருதி மாறுவதைப் போல, விரையும் செயற்கைக்கோளுக்கு இந்த அலையின் சுருதி மாறிக் கேட்கும். அந்த மாற்றத்தையும் அலை வந்து சேரும் நேரத்தையும் வைத்தே இடத்தைச் சுமார் 5 கிலோமீட்டருக்குள் கணித்துவிடுவார்கள். ஜி.பி.எஸ். உள்ள கருவியென்றால் சுமார் 120 மீட்டருக்குள். செய்தி கான்பெராவிலுள்ள மீட்பு மையத்துக்குப் போய்ச் சேரும். தேடி வரும் விமானத்துக்கு வெயிலில் மின்னும் வண்டி கண்ணில் படும். புதருக்குள் சுருண்டு கிடக்கும் மனிதர் படமாட்டார்.

இன்னும் ஒரு காகிதம் வேண்டும். எந்தப் பாதை, எங்கே தங்கல், எந்த நாள் எத்தனை மணிக்குள் அழைப்பு வர வேண்டும், வராவிட்டால் எந்தக் காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதி, நம்பகமான ஒருவர் கையில் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். 1963-இல் எழுதப்பட்ட சீட்டு, ஆளில்லாத பாலையில் நின்ற காருக்குள் இருந்தது.