கேஸ் ஷீட் நகல் கேட்டால் ‘தர முடியாது’ என்கிறார்களா?

ஆஸ்பத்திரியில் சேர்ந்து சிகிச்சை எடுத்தவர் தன் மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அவர் அதிகாரம் கொடுத்து அனுப்பியவர் கேட்டாலும் அப்படித்தான். இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-ல் கொண்டுவந்த மருத்துவர்களின் தொழில் நடத்தை விதிகளில் 1.3.2 என்ற எண்ணில் இது இருக்கிறது. மறுத்தால் அது மருத்துவரின் ஒழுக்கக் கேடு என்று 7.2 சொல்கிறது. பின்னணி இவ்வளவு போதும். இந்த இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள், மனுவில் எழுத வேண்டிவரும்.

“புது விதி வந்துவிட்டது, ஐந்து வேலை நாள் ஆகும்” என்று சில இடங்களில் சொல்கிறார்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலுக்குப் பதிலாக வந்த தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட் 2-ல் புது விதிகளை வெளியிட்டது உண்மைதான். மூன்று வாரத்தில், ஆகஸ்ட் 23-ல், அதே ஆணையம் அவற்றை நிறுத்தி வைத்துவிட்டது. நடப்பில் இருப்பது 2002 விதிகள்தான்.

இனி நடைமுறைக்கு வருவோம். வாயால் கேட்டால் 72 மணி நேரக் கணக்கு எப்போது தொடங்கியது என்று காட்டவே முடியாது. நான் பார்த்த பெரும்பாலான குடும்பங்கள் ஏமாந்தது இங்கேதான். வார்டில் கேட்டால் ரெக்கார்டு செக்ஷனுக்குப் போகச் சொல்வார்கள். அங்கே போனால் டாக்டர் கையெழுத்து வேண்டும் என்பார்கள். டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருப்பார். மறுநாள் வந்தால் அந்த டாக்டர் லீவு. எல்லோரும் மரியாதையாகத்தான் பேசுவார்கள், ‘இல்லை’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கடைசியில் நீங்கள் கேட்டதற்கே சாட்சி இருக்காது.

அதனால் முதல் நாளே எழுத்தில் கொடுங்கள். மருத்துவக் கண்காணிப்பாளர் பெயருக்கு ஒரு மனு, கூடவே அதன் நகல். நகலில் சீல், தேதி, வாங்கியவர் கையெழுத்து மூன்றும் வேண்டும். மனுவைப் பெற்றதற்கு ஒப்புகை தர வேண்டும் என்பதையும் அதே விதி சொல்கிறது. சீல் போட மறுத்தால் வாக்குவாதம் செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். அன்றைக்கே தபால் ஆபீசுக்குப் போய் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதையும் டெலிவரி ஆன விவரத்தையும் பத்திரப்படுத்துங்கள். மின்னஞ்சலும் ஒன்று தட்டிவிடுங்கள். அதில் நேரம் பதிவாகும்.

மனுவில் என்ன எழுதுவது? “டிஸ்சார்ஜ் சம்மரி வேண்டும்” என்று மட்டும் எழுதினால் அதை மட்டும்தான் கொடுப்பார்கள். அது எல்லாம் முடிந்தபின் உட்கார்ந்து எழுதும் இரண்டு பக்கம். நடந்தது என்ன என்று தெரிய வேண்டுமென்றால் சேர்க்கைக் குறிப்பு, டாக்டர்கள் அன்றாடம் எழுதிய குறிப்புகள், நர்ஸ்கள் எழுதிய குறிப்புகள், எந்த மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்ற சார்ட், ஐசியூ சார்ட், ஒப்புதல் படிவங்கள், ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்துப் பதிவு, ரத்தம் ஏற்றிய விவரம், லேப் ரிப்போர்ட், ஸ்கேன் படம், வரிவாரியான பில் ஆகிய எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். நர்ஸ் குறிப்பை மறக்கவே மறக்காதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு நோயாளிக்கு மூச்சு வாங்கியதும், டாக்டருக்குப் போன் போட்டதும், அவர் எப்போது வந்தார் என்பதும் அதில்தான் இருக்கும். ஐ.பி. எண் (உள்நோயாளி எண்), சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி மூன்றும் மனுவில் இருக்கட்டும்.

எழுதக் கூடாதது ஒன்று உண்டு. அந்த மனுவில் குற்றச்சாட்டு வைக்காதீர்கள். “உங்கள் அலட்சியத்தால்தான் அம்மா போனார்” என்று எழுதிவிட்டால் ஃபைல் நேராக அவர்களின் வக்கீல் மேஜைக்குப் போய்விடும். வயிற்றெரிச்சல் புரிகிறது. ஆனாலும் முதலில் காகிதம் கைக்கு வரட்டும்.

அவர்கள் சொல்லும் சாக்குகள் ஊர் எதுவானாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. “பில் பாக்கி இருக்கிறது” என்பார்கள். பில்லைக் கட்டினால்தான் ஆவணம் என்று விதியில் எந்த நிபந்தனையும் இல்லை. “இன்சூரன்ஸுக்கு அனுப்பிவிட்டோம்” என்பார்கள். இன்சூரன்ஸுக்குப் போனது எதுவானாலும் மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டிய பொறுப்பு இவர்களுடையது. “போலீஸ் கேஸ், கொடுக்கக் கூடாது” என்பார்கள். விசாரணைக்குத் தேவைப்படுவது அசல், நீங்கள் கேட்பது நகல். ஜெராக்ஸ் செலவு கேட்டால் கொடுத்துவிடுங்கள், ரசீது மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

நோயாளி இறந்துபோயிருந்தால் “வாரிசுச் சான்றிதழ் கொண்டு வா” என்று ஒரு போடு போடுவார்கள். தாலுகா ஆபீசில் அது கைக்கு வரும்வரை யார் காத்திருப்பது? விதியில் வாரிசுச் சான்று என்ற பேச்சே இல்லை. சேர்க்கைப் படிவத்திலும் ஒப்புதல் படிவத்திலும் உறவினர் என்று கையெழுத்துப் போட்டவரே மனுவிலும் கையெழுத்துப் போடட்டும். ஆதாரும் குடும்ப அட்டையும் நகலாக இணையுங்கள். வாரிசுச் சான்றுக்கும் ஒரு பக்கம் விண்ணப்பித்து வையுங்கள், பின்னால் எப்படியும் தேவைப்படும்.

அரசு ஆஸ்பத்திரியில் “ஆர்டிஐ போடுங்கள்” என்று அனுப்பிவிடுவது ஒரு தந்திரம். தகவல் உரிமைச் சட்டத்தில் பதில் சொல்ல 30 நாள் இருக்கிறது. மூன்று நாளில் முடிய வேண்டிய வேலையை ஒரு மாதமாக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. ஆர்டிஐயும் போடுங்கள், பத்து ரூபாய்தானே. ஆனால் 72 மணி நேர மனுவுக்குப் பதிலாக அல்ல, அதோடு சேர்த்து.

டிஸ்சார்ஜ் ஆகும் நேரத்தில் நீட்டும் படிவத்தில் “எல்லா ரிப்போர்ட்டும் பெற்றுக்கொண்டேன்” என்று ஒரு வரி இருக்கலாம். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பெற்றது எது என்பதை உங்கள் கையால் எழுதிவிட்டுப் போடுங்கள்.

மூன்று ஆண்டு என்றேன். அது சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவது. ஆபரேஷனுக்குப் பின் வருடக்கணக்கில் அலைந்துவிட்டு மெதுவாகப் போய்க் கேட்டால் “அழித்துவிட்டோம்” என்பார்கள். அதற்கு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது.

சரி, நகல் வரவில்லை, அல்லது வந்ததைப் பார்த்தால் தவறு தெரிகிறது. புகார் எங்கே?

டாக்டர் மீது என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில், சென்னை. இங்கே முதல் பொறி, ஆஸ்பத்திரியின் பெயரை மட்டும் எழுதுவது. கவுன்சிலுக்கு அதிகாரம் டாக்டர் மேல்தான், கட்டடத்தின் மேல் இல்லை. ஆஸ்பத்திரிகளுக்கு உத்தரவு போட மருத்துவக் கவுன்சிலுக்கு அதிகாரமில்லை என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2014-ல் சொல்லியிருக்கிறது. அதனால் டாக்டரின் பெயரும் பதிவு எண்ணும் வேண்டும். மருந்துச் சீட்டிலும் சான்றிதழிலும் பண ரசீதிலும் பதிவு எண் இருக்க வேண்டும் என்பதும் அதே 2002 விதிதான். இல்லையென்றால் தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். ஆஸ்பத்திரியின் குறைக்கு மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகம், பேச்சுவழக்கில் ஜே.டி. ஆபீஸ். அங்கேயும் சீல் வாங்காமல் திரும்பாதீர்கள்.

இரண்டாவது, கவுன்சில் மாறிப் போவது. பல் டாக்டருக்குத் தனிக் கவுன்சில். நர்ஸுக்குத் தனி. சித்தா, ஹோமியோபதிக்கும் தனித்தனி. தவறான இடத்துக்கு அனுப்பினால் ‘எங்களுக்குச் சம்பந்தமில்லை’ என்று ஒரு வரியில் கடிதம் வரும், பல மாதம் கழித்து.

மூன்றாவதுதான் மோசமானது. கவுன்சில் ஒரு பைசா நஷ்டஈடு வாங்கித் தராது. எச்சரிக்கலாம், பதிவேட்டிலிருந்து கொஞ்ச காலத்துக்கோ நிரந்தரமாகவோ பெயரை நீக்கலாம், அவ்வளவே. புகாரை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று விதி 8.4 சொல்கிறது. அந்த ஆறு மாதத்தை நம்பி யாரும் வாடகை வீடு பிடித்துவிடக் கூடாது. டாக்டர்களின் நடத்தையை டாக்டர்களே விசாரிக்கும் இடம் அது. அவசரம் யாருக்கும் இருக்காது.

இழப்பீடு வேண்டுமென்றால் நுகர்வோர் ஆணையம். அங்கே கெடு இரண்டு ஆண்டு. கவுன்சில் தீர்ப்பு வரட்டும், அதை வைத்துக்கொண்டு நுகர்வோர் வழக்குப் போடலாம் என்று காத்திருந்து கெடுவைத் தவறவிட்டவர்கள் நிறைய. கவுன்சிலில் புகார் நிலுவையில் இருப்பது அந்தக் கெடுவை நிறுத்தாது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப்போட வழி உண்டுதான், ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம். இரண்டையும் ஒரே சமயத்தில் நடத்தலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்று 2019 சட்டம் சொல்கிறது. ஆஸ்பத்திரி சென்னையில் இருந்தாலும் தென்காசிக்காரர் தென்காசியிலேயே போடலாம். நீங்கள் கட்டிய பில் 5 லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணமே இல்லை. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு ஆஸ்பத்திரிக்கு மட்டும் இந்த வழி பொருந்தாது. 1995-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த கோடு அது.

மரணத்தில் சந்தேகம் இருந்தால் ஒன்று. பிரேதப் பரிசோதனை இல்லாமல் உடலை எடுத்துவந்து தகனமும் செய்துவிட்டால், பிறகு எந்த ஆணையத்திலும் காரணத்தை நிரூபிப்பது மிகக் கஷ்டம். அந்த நேரத்தில் இதைச் சொல்ல யாருக்கும் வாய் வராது. அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன். காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, பிரேதப் பரிசோதனை கேளுங்கள்.

கைக்கு வந்த நகல்களில் பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டு, தாமதிக்காமல் போட்டோ எடுத்து வையுங்கள். எண்ணிப் பார்த்து ஏதாவது தேதியின் பக்கம் இல்லையென்றால், இந்தத் தேதியின் பக்கம் தரப்படவில்லை என்று அன்றைக்கே மறுபடி ஒரு மனு. கவுன்சிலுக்கும் ஜே.டி. ஆபீசுக்கும் நுகர்வோர் ஆணையத்துக்கும் கொடுப்பது நகலின் நகலாகவே இருக்கட்டும். சீல் விழுந்த காகிதத்தை யார் கேட்டாலும் காட்டுங்கள், கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள்.