மைக்கின் பின்பக்கத் துளைகள் கிக் டிரம்மை என்ன செய்கின்றன?

சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒரு வாரம் மெட்டல் பேண்டு வருகிறது, அடுத்த வாரம் சர்ச் பாடகர் குழு, அப்புறம் ஜாஸ் வாசிக்கும் கல்லூரிப் பிள்ளைகள். கிக் டிரம்முக்கு ஒரே ஒரு மைக் வாங்கத்தான் காசு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் சரிவருகிற மாதிரி எதை வாங்குவது?"

ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் ஒலியியலில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அது பிடிபட்டால் எந்த மைக்கையும் எடைபோட முடியும் என்பதால், அதைச் சொல்லிவிட்டே பெயருக்கு வருகிறேன்.

முதலில் டிரம். டிரம் செட்டில் காலால் பெடலை மிதித்து அடிக்கும் பெரிய டிரம்தான் கிக் டிரம். ராக் இசையில் அது பெரும்பாலும் 22 அங்குல விட்டம் கொண்டது. பெடலை மிதித்ததும் அதோடு இணைந்த 'பீட்டர்' என்னும் கொட்டு போய்த் தோலில் அடிக்கும். தோல் என்கிறோமே தவிர, இன்று அது பாலியஸ்டர் படலம். அந்த ஒரே அடியில் பல ஒலிகள் பிறக்கின்றன. பீட்டர் தொடும் கணத்தில் ஒரு 'டக்'. அது சுமார் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. அதன் பின்னால் தோல் முழுவதும் சேர்ந்து முன்னும் பின்னும் ஆடுவதால் வரும் 'தும்'. அது 50 முதல் 80 ஹெர்ட்ஸ். இரண்டுக்கும் நடுவே, 250 முதல் 500 ஹெர்ட்ஸ் பகுதியில், டிரம்மின் உடம்பு ஒலிக்கிறது. பலர் வெட்டி எறிய நினைப்பது இந்த நடுப்பகுதியைத்தான். ஜாஸில் டிரம்முக்கு முகம் கொடுப்பதும் அதே நடுப்பகுதிதான்.

'தும்'முக்கு மேலே வரும் துணை அதிர்வுகள் அதன் முழு மடங்குகளாக இருப்பதில்லை. சாதாரண வட்டத் தோலில் அவை 1, 1.59, 2.14, 2.30 என்று ஒழுங்கில்லாமல் போகும். மிருதங்கத்தின் வலந்தலையில் 1, 2, 3 என்று முழு மடங்காக வருகின்றன. நடுவில் இருக்கும் கருப்புக் கரணைதான் காரணம் என்று சி.வி. ராமனும் சிவகாளி குமாரும் 1920ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். அதனால் மிருதங்கத்தில் ஒரு சுருதி தெளிவாகக் கேட்கிறது, கிக் டிரம்மில் கேட்பதில்லை. இதற்கு நடைமுறை விளைவும் உண்டு. செல்போன் ஸ்பீக்கரில் 60 ஹெர்ட்ஸ் அநேகமாக வரவே வராது. முழு மடங்குகள் இருந்தால் விட்டுப்போன அடிச்சுரத்தைக் காதே ஊகித்துக்கொள்ளும். கிக் டிரம்முக்கு அந்த உதவி கிடையாது. நடுப்பகுதியையும் வெட்டிவிட்டால் போனில் கேட்பவருக்கு 'டக்' மட்டுமே மிஞ்சும்.

இனி மைக். கிக் டிரம்முக்குப் பெரும்பாலும் டைனமிக் மைக்தான். ஒரு சவ்வு, அதில் ஒட்டிய கம்பிச்சுருள், சுற்றிலும் காந்தம். சுருள் அசைந்தால் மின்னழுத்தம் பிறக்கும். பள்ளியில் படித்த ஃபாரடே விதி. டிரம்முக்குள் தோலருகே ஒலி 140 டெசிபலைத் தாண்டினாலும் இது கலங்காது. ஷூர் நிறுவனத்தின் பீட்டா 52ஏ என்ற கிக் டிரம் மைக் 174 டெசிபல் வரை தாங்கும் என்று அந்த நிறுவனமே குறிப்பிடுகிறது.

எனக்குப் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. மைக்கின் பின்பக்கத்தை முழுதாக மூடிவிட்டால், சவ்வு காற்றழுத்தத்தை மட்டும் உணரும். எந்தத் திசையிலிருந்து வந்தாலும் ஒன்றுபோல் கேட்கும். டிரம் செட்டில் சிம்பல் ஒருபக்கம், ஸ்னேர் ஒருபக்கம் என்று கத்திக்கொண்டிருக்கும்போது அது பெரும்பாலும் உதவாது. முன்னால் இருப்பதை மட்டும் கேட்க வேண்டும் என்பதற்காகப் பின்பக்கத்தில் துளைகள் வைக்கிறார்கள். ஒலி முன்பக்கத்தை நேராகத் தள்ளும். அதே ஒலி மைக்கைச் சுற்றிக்கொண்டு போய்த் துளை வழியாகப் பின்பக்கத்தையும் தள்ளும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவுதான் சவ்வு அசையும்.

அந்தச் சுற்றுவழி 2 செ.மீ. கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். 6,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 5.7 செ.மீ. அதில் 2 செ.மீ. என்பது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், எனவே முன்னுக்கும் பின்னுக்கும் பெரிய வித்தியாசம். 60 ஹெர்ட்ஸின் அலைநீளமோ 5.7 மீட்டர். அதில் 2 செ.மீ. ஒரு பொருட்டே இல்லை. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒரே அளவு தள்ளப்படுவதால் வித்தியாசம் 2 சதவீதம் அளவில்தான் தேறும். அப்படியே விட்டால் மைக்குக்கு அடியொலி, அதாவது தாழ்ந்த ஒலி, கேட்கவே கேட்காது. அதை ஈடுகட்டத்தான் வடிவமைப்பாளர்கள் சவ்வின் எடையையும் இறுக்கத்தையும் தடையையும் அமைக்கிறார்கள்: தாழ்ந்த ஒலியாக இருந்தால், சின்ன வித்தியாசத்துக்கும் சவ்வு நன்றாக அசையும்.

தூரத்து ஒலிக்கு இந்தக் கணக்கு சரியாக இருக்கும். பக்கத்தில் போனால் இன்னொரு வித்தியாசம் உள்ளே நுழைகிறது. சின்ன மூலத்திலிருந்து பரவும் ஒலியின் அழுத்தம் தூரத்துக்கு ஏற்பக் குறையும். 1 மீட்டர் தள்ளி வைத்தால் முன்பக்கத்துக்கு 100 செ.மீ., பின்பக்கத்துக்கு 102. இழப்பு 2 சதவீதம். 5 செ.மீ. பக்கத்தில் வைத்தால் முன்பக்கத்துக்கு 5, பின்பக்கத்துக்கு 7. இழப்பு 28 சதவீதம். ஆயிரம் ரூபாயில் இருபது ரூபாய் போவதும் எழுபது ரூபாயில் இருபது ரூபாய் போவதும் ஒன்றா? இந்த இழப்பு எல்லா அதிர்வெண்ணுக்கும் ஒரே அளவு. ஆனால் சவ்வு ஏற்கெனவே தாழ்ந்த ஒலியைத் தூக்கிக் கொடுக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது! 60 ஹெர்ட்ஸில் 2 சதவீதத்தை எதிர்பார்த்திருந்த சவ்வுக்கு 28 சதவீதம் வந்து சேர்கிறது. ஏறத்தாழ 13 மடங்கு, அதாவது 22 டெசிபல்.

இது காகிதக் கணக்கு. கிக் டிரம் மைக்குகள் பெரும்பாலும் கார்டியாய்டு வகை, அழுத்தத்தையும் வித்தியாசத்தையும் பாதிப்பாதி கலந்து கேட்பவை. அதனால் ஐந்தாறு டெசிபல் குறையும். 22 அங்குலத் தோல் ஒரு புள்ளியும் அல்ல என்பதால் இன்னும் குறையும். அதன் பிறகும் மிஞ்சுவது காதால் நன்றாகக் கேட்கும் அளவு. ப்ராக்ஸிமிட்டி எஃபெக்ட் என்று ஸ்டூடியோக்காரர்கள் சொல்வது இதைத்தான். அறிவிப்பாளர் மைக்கை வாயருகே கொண்டுபோனதும் குரல் கனப்பதும் இதனால்தான். யாரும் வேண்டுமென்று சேர்க்காத ஒன்று, வடிவமைப்பின் பக்கவிளைவாக வந்து, இசையின் ஒரு காலகட்டத்தின் ஒலியையே தீர்மானித்திருக்கிறது என்பது எனக்கு எப்போதுமே வியப்பு.

லண்டனில் இஎம்ஐ ஸ்டூடியோவில் கிக் டிரம்முக்கு மிகப் பக்கத்தில் மைக் வைக்கக் கூடாது என்று விதி இருந்தது; காற்றழுத்தத்தில் மைக் கெட்டுவிடும் என்ற பயம். 1966ல் பீட்டில்ஸ் ஒலிப்பதிவில் ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமரிக் விதியை மீறி, ஏகேஜி டி20 மைக்கை டிரம் வாசிக்கும் ரிங்கோவின் டிரம்முக்கு மிக அருகே நகர்த்தினார். டிரம்முக்குள் ஒரு கம்பளி ஸ்வெட்டரையும் திணித்தார். அடி நெஞ்சுக்கு நேரே வந்து விழுந்தது. அதற்கு முன்பே, 1953ல், வியன்னாவின் ஏகேஜி வெளியிட்டிருந்த டி12 மைக்கும் பிறகு கிக் டிரம்முக்கே பேர்போனது. அதன் வாரிசான டி112 முட்டை வடிவில் இருக்கும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே கனம், 4,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு தூக்கல். பீட்டா 52ஏவும் இதே வழியில் செதுக்கப்பட்டது. ஆடிக்ஸ் டி6 இன்னும் ஒரு படி மேலே போய், நடுப்பகுதியை நன்றாகக் குடைந்துவிடும். போட்டவுடனேயே மிக்ஸ் செய்து முடித்த ஒலி வரும். அந்த மிக்ஸை முடிவு செய்தது நாம் இல்லை, தொழிற்சாலை.

இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது எலக்ட்ரோ-வாய்ஸ் ஆர்இ20. 1968ல் வந்தது, வானொலி நிலையங்களின் செல்லப்பிள்ளை. அதன் நீண்ட உடம்பு நெடுகத் துளைகள். உயர்ந்த ஒலி பக்கத்துத் துளை வழியாகவும், தாழ்ந்த ஒலி தொலைவில் இருக்கும் துளை வழியாகவும் உள்ளே போகும்படி அமைப்பு. தாழ்ந்த ஒலிக்குச் சுற்றுவழி 15 செ.மீ. என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸில் நேர வித்தியாசமே 16 சதவீதம் அளவுக்கு வந்துவிடும். எனவே சவ்வு அடியொலியைப் பெரிதாகத் தூக்கிக் கொடுக்க வேண்டியதில்லை. 5 செ.மீ. பக்கத்தில் வைத்தால் தூர இழப்பு 75 சதவீதம் ஆகிறது, ஆனால் அது எதிர்பார்த்ததைவிட நாலரை மடங்குதான். பதின்மூன்று மடங்கு எங்கே, நாலரை எங்கே! வெறும் துளைகளை இடம் மாற்றிச் சாதித்த இந்தப் பொறியியலைப் பார்த்தால் கைதட்டத் தோன்றுகிறது.

சரி, இசை வகைகளுக்கு வருவோம். மெட்டலில் நிமிடத்துக்கு 200 தாளம், ஒரு தாளத்துக்கு நான்கு அடி என்று இரட்டைப் பெடலில் ஓடினால் அடிகளுக்கு நடுவே 75 மில்லிவினாடிதான். 60 ஹெர்ட்ஸ் அலை ஒருமுறை ஆடி முடிக்க 17 மில்லிவினாடி ஆகிறது. நாலரை ஆட்டம் ஆடுவதற்குள் அடுத்த அடி விழுந்துவிடும். அடிகளைத் தனித்தனியாகக் காட்டுவது 'தும்' இல்லை, 'டக்'. எனவே மைக்கை டிரம்முக்குள் விட்டு, பீட்டர் படும் இடத்தை நோக்கிக் கொஞ்ச தூரத்தில் வைக்க வேண்டும். ஜாஸில் 18 அங்குல டிரம், இறுக்கமான சுருதி, முன்தோலில், அதாவது பீட்டர் படாத மறுபக்கத் தோலில், துளை கிடையாது. வாசிப்பவர் பல இடங்களில் கேட்டும் கேட்காமலும் மெல்லத் தொடுவார். அங்கே நடுப்பகுதியைக் குடைந்த மைக்கைப் பக்கத்தில் வைத்தால் அந்த மென்மை வெறும் உறுமலாகிவிடும். முன்தோலிலிருந்து ஓர் அடி, இரண்டு அடி தள்ளி வைத்து, நடுப்பகுதி முழுதாக வரும்படி விட வேண்டும். சர்ச் பாடகர் குழுவுக்கு முன்தோல் துளையின் வாசலில் வைக்கலாம். துளைக்கு நேர் எதிரே மட்டும் வேண்டாம், காற்று வீச்சு சவ்வைப் புரட்டும். கொஞ்சம் சாய்த்துவிட்டால் போதும்.

ஆக, மூன்று வகைக்கும் வேண்டியது முன்கூட்டியே முடிவெடுக்காத மைக். இல்லாத அடியொலியையும் 'டக்'கையும் இடம் மாற்றியும், அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவிலும் கூட்டிக்கொள்ளலாம். குடைந்தெடுத்த நடுப்பகுதியை நல்லபடியாகத் திரும்ப வரவழைப்பது கடினம். என் தேர்வு ஆர்இ20. விலை கூடுதல்தான், ஆனால் அதே மைக்கில் குரல், பேஸ் ஆம்ப், டிராம்போன் எல்லாம் எடுக்கலாம். அது கட்டுப்படியாகாவிட்டால் சென்ஹைசர் எம்டி 421. 1960 முதல் இருக்கும் வடிவம். அடியொலியைக் குறைக்க ஐந்து நிலை சுவிட்ச் உண்டு, டாம் டிரம்முக்கும் கிட்டார் ஆம்ப்புக்கும் பேர்போனது. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மெட்டலும் ராக்கும் என்றால் மட்டும் டி112 அல்லது பீட்டா 52ஏ வாங்குங்கள். அந்த வேலையில் அவை உண்மையிலேயே சிறந்தவை.

கேபிளில் காசைக் கொட்டாதீர்கள். தங்கமுலாம் பூசிய கேபிள் கிக் டிரம்முக்குச் சூடு தரும் என்பதெல்லாம் வெறும் மூடநம்பிக்கை. சில மீட்டர் நீளத்தில், குறைந்த மின்தடை கொண்ட டைனமிக் மைக்குக்குக் கேட்கும்படியான வித்தியாசம் எதுவும் வராது. மைக்கை 5 செ.மீ. நகர்த்தினால் வரும். இந்த நம்பிக்கைகள் தழைப்பதற்கு, ஒலியியலை நாம் பாடமாகவே மதிக்காததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ராமனின் நூற்றாண்டுப் பழைய கட்டுரையை மேடைகளில் பெருமையாகச் சொல்கிறோம். எதிரொலி இல்லாத ஓர் அறையும் ஒரு நல்ல அளவீட்டு மைக்கும் கொடுத்தால், தவிலையும் பறையையும் எங்கே எப்படி ஒலிப்பதிவு செய்ய வேண்டும் என்று நம் மாணவர்கள் அளந்தே சொல்லிவிடுவார்கள். ராக்கெட்டுக்குக் கொடுப்பதில் துளி போதும். அந்தத் துளியையாவது ஒதுக்க வேண்டும்.

பின்னால் இரண்டாவது மைக்குக்கு ஆசை வந்தால், பழைய ஸ்பீக்கர் ஒன்றை முயன்று பாருங்கள். ஸ்பீக்கரும் சுருள், காந்தம், சவ்வுதான். தலைகீழாக இணைத்தால் மைக். யமஹா என்எஸ்-10 ஸ்பீக்கரின் 18 செ.மீ. வெள்ளை வூஃபரை முன்தோலுக்கு எதிரே நிறுத்துவது ஸ்டூடியோக்களில் பழகிப்போன உத்தி. கூம்பின் எடையால் 'டக்'கை அதனால் பின்தொடர முடியாது; 'தும்' மட்டும் திரண்டு வரும். வெளிவரும் மின்னழுத்தம் அதிகம் என்பதால் இன்புட்டில் பேட் (அளவைக் குறைக்கும் சுவிட்ச்) போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மைக்கையும் சேர்த்துக் கேட்கும்போது ஒன்றின் போலாரிட்டி பொத்தானை (அலையைத் தலைகீழாக்குவது) அழுத்தியும் விட்டும் பாருங்கள். எந்த நிலையில் அடியொலி கூடுகிறதோ அதில் விட்டுவிட்டுப் பதிவைத் தொடங்குங்கள்.