டர்போசார்ஜர்: பம்பரமும் பாரவண்டியும்

கோவை கணபதியில் ஒரு பட்டறை. போனட்டைத் திறந்தபடி ஒரு பழைய ஹேட்ச்பேக் நிற்கிறது. 1600 சிசி பெட்ரோல் எஞ்சின். பக்கத்து மேசையில் நத்தை ஓடு போலச் சுருண்ட வார்ப்பு இரண்டு, முதுகோடு முதுகு ஒட்டியபடி கிடக்கின்றன. காருக்குச் சொந்தக்காரப் பையன் கேட்டான்: "ஏனுங்கண்ணா, இந்த டர்போ போட்டா எத்தன குதிரைங்க வரும்?"

மெக்கானிக் அண்ணன் கையை வேஸ்ட் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "குதிரை அதுக்குள்ள இல்லீங்க தம்பி. அது காத்து ஏத்துற சாமான். எவ்வளவு ஏத்தோணும்னு மொதல்ல நீங்க சொல்லுங்க."

அவர் அகராதி புரட்டுகிறவர் இல்லை. ஆனாலும் டர்போசார்ஜர் என்ற சொல்லின் வேர்ப்பொருளை அப்படியே சொல்லிவிட்டார். அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் எந்த டர்போ வாங்குவது என்ற கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

முதலில் 'டர்போ'. லத்தீனில் இதற்குப் பம்பரம் என்று பொருள். சுழல்காற்றுக்கும் அதே சொல்தான். பம்பரம் போல் கூம்பிச் சுருண்ட ஒரு கடல் நத்தை இனத்துக்கு லின்னேயஸ் 1758இல் டர்போ என்றே பெயர் வைத்தார். பட்டறை மேசையில் கிடக்கும் வார்ப்பும் நத்தை மாதிரிதான் இருக்கிறது என்றாலும் அது தற்செயல். பொறியியலுக்குள் சொல் வந்தது வேறு வழியில். பிரெஞ்சுப் பொறியாளர் குளோது பர்தேன், ஓடும் நீரால் சுழலும் எந்திரத்துக்கு 1822இல் இந்த லத்தீன் வேரிலிருந்து 'டர்பைன்' என்ற சொல்லை உருவாக்கினார். அவருடைய மாணவர் ஃபூர்னெய்ரோன் 1827இல் அதை ஒழுங்காக ஓட வைத்தார். ஆக, டர்போவுக்கு முதல் தீனி தண்ணீர். புகை பின்னால் வந்தது.

நம் ஊருக்கும் டர்பைன் தண்ணீர் வழியாகத்தான் வந்தது. 1930களில் பைக்காராவில் விழுந்த நீர் டர்பைனைச் சுற்றி, அந்த மின்சாரம் கோவைக்கு இறங்கி, பஞ்சாலைகளும் மோட்டார் பம்புகளும் பெருகின. இன்று பல்லடம், உடுமலைப் பக்கம் ஆடிக் காற்றில் சுற்றும் காற்றாலைகளும் டர்பைன்தான். பாடநூல்களில் இதற்கு 'விசையாழி' என்றும் 'சுழலி' என்றும் இரண்டு சொற்கள் உண்டு. ஆழி என்றால் சக்கரம், ஆகவே விசையாழி அழகான சொல். ஆனால் இன்னொரு சொல்லோடு சேர்க்கும்போது நாக்கில் இடறும். சேர்மானத்துக்குச் சுழலியே வசதி.

அடுத்தது 'சார்ஜ்'. எனக்குப் பிடித்த பாதி இதுதான். லத்தீனில் 'கார்ருஸ்' என்றால் வண்டி. அதிலிருந்து 'கார்ரிகாரே', அதாவது வண்டியில் பாரம் ஏற்றுதல். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய்ச் சார்ஜ் ஆனது. அதே கார்ருஸ் இன்னொரு கிளையில் 'கார்' ஆனது. காரும் சார்ஜரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்!

பாரம் ஏற்றுவது என்ற பொருளிலிருந்து துப்பாக்கியில் மருந்து கெட்டிப்பதும் சார்ஜ், பேட்டரியில் மின்சாரம் ஏற்றுவதும் சார்ஜ் என்று சொல் பரவியது. எஞ்சின்காரர்கள் ஒவ்வொரு உறிஞ்சலிலும் சிலிண்டருக்குள் போகும் காற்றையும் பெட்ரோலையும் சார்ஜ் என்றார்கள். பிஸ்டன் தானாக உறிஞ்சுவதைவிடக் கூடுதலாகத் திணிப்பது சூப்பர்சார்ஜர். அதை எஞ்சினிலிருந்து பெல்ட் போட்டுச் சுற்றலாம். பெல்ட் இல்லாமல் வெளியேறும் புகையே சுற்றினால் 'டர்போசூப்பர்சார்ஜர்'. அதுதான் பழைய முழுப்பெயர். வாயில் நுழையாததால் நடுவில் இருந்த சூப்பர் கழன்றது.

புகையைக் கொண்டு சுற்றும் யோசனைக்கு 1905இல் காப்புரிமை பெற்றவர் சுவிட்சர்லாந்தின் ஆல்ஃப்ரெட் பூச்சி. எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சைலன்ஸர் வழியாக வீணாகப் போகிறது, அதைப் பிடித்தால் என்ன என்பது அவர் கணக்கு. 1918இல் அமெரிக்காவின் சான்ஃபோர்ட் மாஸ், பைக்ஸ் பீக் மலையில் 14,000 அடி உயரத்துக்கு விமான எஞ்சினைக் கொண்டுபோய் இதைச் சோதித்தார். மேலே காற்று மெலிந்து எஞ்சின் சோர்ந்தது. டர்போ அந்தக் குறையை நிரப்பியது. விற்பனைக்கு வந்த கார்களில் டர்போ ஏறியது 1962இல், ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரிலும் ஷெவ்ரலே கோர்வேரிலும்.

அதன் பிறகு சொல் கெட்டழிந்த கதையும் உண்டு. வேகம் என்று காட்ட வேண்டிய எதிலும் டர்போ ஒட்டிக்கொண்டது. பழைய கம்ப்யூட்டர் பெட்டியில் டர்போ பட்டன், கடையில் டர்போ மிக்ஸி. கொங்கு நாட்டில் இன்ஜினியரிங் படித்த ஒரு தலைமுறை டர்போ என்றால் நீலத் திரையில் புரோகிராம் எழுதிப் பழகிய டர்போ சி மென்பொருள் என்றுதான் நினைக்கும். அந்தப் பையன் குதிரையைக் கேட்டதற்கும் இதுவே காரணம். டர்போ என்றாலே சக்தி என்று ஆகிவிட்டது.

சரி, தமிழில் என்ன சொல்வது? மொபைல் சார்ஜருக்கு நாம் மின்னேற்றி, மின்னூட்டி என்கிறோம். அந்தப் பழக்கத்தில் இதையும் 'சுழல் மின்னூட்டி' என்றால் தவறு. இதில் மின்சாரம் ஏறுவதே இல்லை. 'காற்றழுத்தி' என்றால் பஞ்சர் கடைக் கம்ப்ரசரோடு குழம்பும். ஏற்றுதல் என்ற வினை நம்மிடமே இருக்கிறது. வண்டியில் மூட்டை ஏற்றுகிறோம், மாத்திரைக்குப் பதில் குளுக்கோஸ் ஏற்றுகிறோம். கிணற்றிலிருந்து நீரை மேலே கொண்டுவரும் பொறிக்கு ஏற்றம் என்றே பெயர். நம் பக்கத்தில் மாடு பூட்டி இறைத்த கவலையையும் கவலை ஏற்றம் என்பார்கள். அந்த வழியில் சூப்பர்சார்ஜருக்கு 'மிகையேற்றி', டர்போசார்ஜருக்குச் 'சுழலேற்றி'. லத்தீன் பம்பரமும் பாரவண்டியும் இந்த ஒரு சொல்லில் பத்திரமாக உட்காருகின்றன.

ஏற்றி என்று புரிந்துகொண்டால் எந்த டர்போ வாங்குவது என்ற தேர்வும் எளிது. கோயமுத்தூர்க்காரருக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை, பம்பு தெரிந்தால் போதும். சுழலேற்றியில் ஒரே தண்டின் ஒரு முனையில் புகை சுற்றும் சக்கரம், மறுமுனையில் காற்றைத் தள்ளும் சக்கரம். காற்றுப் பக்கத்தில் இருப்பதும் பம்பில் உள்ளது போன்ற இறக்கைச் சக்கரமான இம்பெல்லர்தான், அதைச் சுற்றி இருப்பதும் கேசிங் என்ற கூடுதான். பல்லடத்தில் 800 அடி போர்வெல் வைத்திருப்பவரும் பவானி வாய்க்கால் ஓரத்தில் வயல் வைத்திருப்பவரும் ஒரே பம்பை வாங்குவார்களா? ஒருவருக்கு ஹெட், அதாவது நீர் ஏறும் உயரம் வேண்டும், ஒருவருக்கு டிஸ்சார்ஜ், அதாவது கொட்டும் நீரின் அளவு வேண்டும். பம்புக் கடைக்காரர் அதற்கான வளைகோட்டைக் காட்டித்தான் விற்பார். காரெட், போர்க்வார்னர் போன்ற கம்பெனிகளும் தங்கள் டர்போக்களுக்கு அப்படி ஒரு வரைபடம் தருகின்றன. ஹெட் இருந்த இடத்தில் அழுத்த விகிதம் (வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல் எத்தனை மடங்கு என்பது), டிஸ்சார்ஜ் இருந்த இடத்தில் நிமிடத்துக்கு இத்தனை எடைக் காற்று.

அண்ணன் சுவரில் சாக்பீஸால் கணக்குப் போட்டார். பையனுக்கு வேண்டியது 200 குதிரை. பெட்ரோல் எஞ்சினில் 10 குதிரைக்கு நிமிடத்துக்கு ஒரு பவுண்டு காற்று என்பது நடைமுறைக் கணக்கு. ஆக 20 பவுண்டு, நம் கணக்கில் 9 கிலோ. நிமிடத்துக்கு ஒன்பது கிலோ காற்று என்றதும் பையன் முழித்தான். காற்றுக்கு எடை உண்டு என்று பள்ளியில் படித்ததோடு சரி. டர்போ இல்லாத அவன் எஞ்சின் நிமிடத்துக்கு 6,500 சுற்றில் விழுங்குவது ஐந்து கிலோ அளவுதான். மீதியை ஏற்ற வேண்டும்.

அடுத்து அழுத்த விகிதம். கோவை கடல் மட்டத்துக்குச் சுமார் 410 மீட்டர் மேலே இருப்பதால் இங்கே காற்றழுத்தம் 14 பிஎஸ்ஐ. அதன்மேல் டர்போ கூடுதலாகத் தரும் அழுத்தமான பூஸ்ட்டை 14 பிஎஸ்ஐ வைத்தால் மொத்தம் 28, விகிதம் 2. அதே காரை ஊட்டிக்கு ஓட்டிப் போனால் அங்கே காற்றழுத்தம் 11தான். அங்கும் 14 பூஸ்ட் வேண்டும் என்றால் விகிதம் 2.27 ஆகிறது, பம்பரம் இன்னும் வேகமாகச் சுற்றியாக வேண்டும். கீழேயே அதன் உச்ச வேகத்தில் ஓடும் சின்ன டர்போவை மலைக்குக் கொண்டுபோவது அதைக் கொல்வதற்குச் சமம். சின்ன டர்போக்கள் நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுவரை போகிறவை. சாட்டை சுற்றி விடும் நம் பம்பரம் பக்கத்தில் நிற்காது.

விகிதம் 2, காற்று 9 கிலோ. அந்தப் புள்ளி வரைபடத்தின் நடுவில் விழுந்தால் வாங்கலாம் என்று பலர் அங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். அது பாதி வேலைதான். 3,000 சுற்றில் அதே அழுத்தம் வேண்டுமென்றால் எஞ்சின் விழுங்குவது நாலரைக் கிலோவுக்கும் குறைவு. பெரிய டர்போவில் இந்தப் புள்ளி வரைபடத்தின் இடப்பக்க எல்லைக் கோட்டைத் தாண்டிப் போய்விடும். அங்கே காற்று முன்னே போக வழியில்லாமல் பின்னே வந்து இம்பெல்லரில் மோதும், புறா சிறகடிப்பது போல் படபடவென்று சத்தம் வரும். ஆங்கிலத்தில் சர்ஜ். நான் இதை விக்கல் என்பேன். அவசரமாக விழுங்கினால் நமக்கு வருவதும் அதுதான். வலப்பக்கக் கோட்டைத் தாண்டினால் திணறல், காற்று சூடாகுமே தவிர ஏறாது.

இன்னொரு சொல் லேக். இதற்குச் 'சுணக்கம்' போல் பொருந்தும் சொல் வேறில்லை. மிதித்ததற்கும் இழுப்பதற்கும் இடையில் வண்டி சுணங்குகிறது. என் நண்பர் ஒருவர், பெருசு இருந்தால் பெருசாக இழுக்கும் என்று லாரி டீசல் டர்போ ஒன்றைத் தன் சின்னக் காருக்கு மாட்டினார். 4,500 சுற்று வரை ஒன்றுமே இல்லை. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நான் பக்கத்து சீட்டில் இருந்தேன். வளைவுக்குள் மிதித்தார், கார் யோசித்தது. வளைவு முடியும் முன்பே மொத்தமாக வந்தது. புல்லில் இறங்கி நின்றோம். இரண்டு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் அந்தச் சுற்றில் வளைவுகள் அதிகம். அங்கே உச்சக் குதிரையைவிட நடுச் சுற்றுகளில் சீக்கிரம் வரும் இழுவைதான் நேரத்தைக் குறைக்கும். அவிநாசி ரோட்டுச் சிக்னல்களுக்கும் அதேதான்.

சுணக்கத்தைத் தீர்மானிப்பது புகைப் பக்கக் கேசிங். அதன் வாய்ப் பரப்பை, மையத்திலிருந்து அந்த வாய் இருக்கும் தூரத்தால் வகுத்த எண்ணைப் பட்டறையில் ஏ-ஆர் என்பார்கள். 0.5 போலச் சிறியதாக இருந்தால் புகை பீய்ச்சி அடித்துச் சக்கரம் சீக்கிரம் சுற்றும், மேல் சுற்றுகளில் அடைக்கும். 0.8 என்றால் தலைகீழ். தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் அழுத்திப் பிடித்துப் பார்த்தவர்களுக்கு மேலே விளக்கம் தேவையில்லை.

வேஸ்ட்கேட் என்ற சொல்லைக் கடைசிக்கு வைத்திருந்தேன். போதுமான அழுத்தம் வந்ததும் மீதிப் புகையைச் சக்கரத்தில் படாமல் திருப்பிவிடும் கதவு அது. ஆங்கிலத்திலும் அந்தச் சொல் நீர்நிலைகளின் உபரி நீரை வெளியேற்றும் கதவுக்கு இருந்ததுதான். நமக்கு நொய்யல் குளங்களில் அதற்குப் பெயர் கலிங்கு. குளம் நிரம்பினால் கரை உடையாமல் கலிங்கு வழியே வழியும். தமிழில் எழுதுகிறவர்கள் 'கழிவு வாயில்' என்று எழுதி மூக்கைப் பிடிக்க வைக்காமல் கலிங்கு என்றே எழுதலாம்.

கணக்கெல்லாம் முடிந்து பையன் சின்னதையே எடுத்துக்கொண்டான். அண்ணன் இம்பெல்லரை விரலால் ஒரு சுண்டு சுண்டினார். சத்தமே இல்லாமல் சுற்றியது. தண்டை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்து, ஆட்டம் சரியாக இருக்கிறது என்று தலையசைத்தார். ஆயில் லைன் புதிதாகப் போட வேண்டும், அடித்து ஓட்டியதும் உடனே ஆஃப் பண்ணக் கூடாது, தண்டைச் சுற்றி ஆயில் கருகிவிடும் என்று சொல்லிவிட்டு பில் புத்தகத்தை எடுத்து 'டர்போ 1' என்று எழுதினார்.

"சுழலேற்றின்னு எழுதுங்கண்ணா" என்றேன்.

எழுதாமல் சிரித்தார். "பேரு நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா ஸ்பேர் கடையில போயி அப்படிக் கேட்டா, சீலிங் ஃபேன் மாட்டுறவன்னு நெனச்சுக்குவாங்க. கலிங்கு வேணா சொல்லலாமுங்க, அது எனக்கே புரியுது."